கம்பவுண்டரும் நானும் வளர்த்த சிலந்தி

அந்தச் சிலந்தியை முதலில் காப்பாற்றியவர் கம்பவுண்டர். நான் இல்லை. இதைச் சொல்ல வேண்டிய நாளில், சொல்ல வேண்டிய இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் இங்கே முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். கம்பம்மெட்டிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் வரும் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். எஸ்டேட் நிர்வாகமே நடத்திய சின்னப் பள்ளி. ஒரே கூடம், நாலு வகுப்பு, பாடமெல்லாம் தமிழில். வாத்தியாரை வைப்பதும் அனுப்புவதும் மேனேஜர் கையில். எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிக்கு மேற்கே, மலையாள எல்லைக்குள், பெருமாட்டிப் பக்கம். தென்னந்தோப்பும் வயலும் இருந்தன. அண்ணன்கள் இரண்டு பேர் அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துச் சித்தூர் கல்லூரியில், பத்தாவதுக்கு மேல் இரண்டு வருடப் படிப்பான பிரீடிகிரியும், பிறகு வாத்தியார் பயிற்சியும் முடித்துவிட்டு ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது தெரிந்தவர் ஒருவர் வழியாக இந்த வேலை வந்தது. மழையும் அட்டையும் ஆளைத் தின்றுவிடும், மலைக்குப் போகவே வேண்டாம் என்றார் அம்மா. எனக்கு இருபத்தைந்து வயது. போய்விட்டேன்.

எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் கம்பவுண்டர்தான் டாக்டர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வேதக்காரர், கிறிஸ்தவர். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம். மனைவியும் பத்து வயது மகளும், மகளின் படிப்புக்காகக் கம்பத்தில் இருந்தார்கள். சனிக்கிழமை மதியம் இறங்கிப் போய், ஞாயிறு பூசை கண்டுவிட்டுத் திரும்புவார். அவருக்கும் எனக்கும் ஒரே கோட்டர்ஸ். ஆளுக்கோர் அறை, நடுவில் ஒரு சமையல்கட்டு. நான் சோறு வைத்தால் அவர் குழம்பு வைப்பார்.

முதலில் அவரை ‘சார்’ என்றேன். ஒரு மாதத்தில் ‘அண்ணா’ என்று ஆகிவிட்டது. அவர் வெளியாட்கள் முன்னால் என்னைச் ‘சார்’ என்பார், வீட்டுக்குள் ‘தம்பி’ என்பார். எனக்குக் கூடப் பிறந்த அண்ணன்கள் இருந்தும் அவர்களிடம் பேச முடியாததையெல்லாம் இவரிடம் பேசினேன். ஊரில் எனக்குப் பேசி முடிவாகியிருந்த ஒரு சம்பந்தம் கடைசி நேரத்தில் நின்றுபோனது. அதற்காக நான் தோப்புக்குள் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மழை தொடங்குவதற்கு முன்னால், மே மாதக் கடைசியில், ஏலக்காட்டு நிழல் மரங்களில் கிளைகளைக் கழிப்பார்கள். அப்படி மரமேறிய ஓர் ஆள் அரிவாள் தவறி முழங்காலில் வெட்டிக்கொண்டான். கட்டுப்போட கம்பவுண்டர் போனார். பள்ளி விடுமுறையாக இருந்ததால் நானும் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அவர் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கும்போது, வெட்டிப் போட்ட கிளை ஒன்றின் பொந்திலிருந்து அது வெளியே வந்து விழுந்தது. அங்கே அதை எட்டுக்காலி என்பார்கள். வளர்ந்தது ஓர் ஆளின் உள்ளங்கையை மூடும். உடம்பெல்லாம் மயிர், சாம்பல் நிறம், முன்னங்கால்களைத் தூக்கினால் அடியில் மஞ்சள். இது குட்டி. தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். வேலையாள் ஒருவன் மிதிக்கக் காலை ஓங்கினான்.

“அடிக்காதீக. சின்னஞ்சிறுசு அது” என்றார் கம்பவுண்டர்.

அந்த ஆள் சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் பஞ்சு வந்த அட்டைப்பெட்டியைக் காலி செய்து, ஓர் இலையால் அதை உள்ளே ஒதுக்கி எடுத்தார். ஏன் எடுத்தார் என்று கேட்டதற்கு, காயம்பட்டதைப் பார்த்தால் கை தானாகப் போகிறது, பதினைந்து வருடப் பழக்கம் என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது அது செத்துக்கொண்டிருந்தது. எட்டுக் கால்களும் வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. வயிறு வற்றிச் சுருங்கியிருந்தது. விழுந்ததில் அடிபட்டதா, அந்தக் கோடையில் தண்ணீர் இல்லாமல் வாடிப்போனதா, தெரியாது. தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். எட்டுக்காலிக்கு வாய் அடிப்பக்கத்தில், பல்லுக்குப் பின்னால் இருக்கும் என்று கல்லூரியில் படித்தது எனக்கு எப்படியோ நினைவிருந்தது. சோடா மூடி ஒன்றில் தண்ணீர் ஊற்றி, அவர் மருந்துக் கிண்ணத்தில் வைத்திருந்த இடுக்கியின் முனையில் பஞ்சைச் சுற்றி, அதன் உடம்பை மெதுவாகத் தள்ளி முன்பக்கம் மூடியின் விளிம்பில் படும்படி வைத்தோம். அசைவே இல்லை. கால் மணி நேரம் குனிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். சோற்றுப்பானை பொங்கி அடுப்பு அணைந்துபோயிற்று.

மறுநாளும் அப்படியே செய்தோம். அதற்கு மறுநாள் ஒரு கால் விரிந்திருந்தது. ஒன்றே ஒன்று. அவர் என் அறை வாசலில் வந்து நின்று, “தம்பி, புள்ள காலை நீட்டிருக்கு” என்றார். அன்றிலிருந்து அவருக்கு அது ‘புள்ள’. நான் பூச்சி என்றுதான் சொல்வேன். ஒரு வாரத்தில் எட்டுக் கால்களும் விரிந்து, வயிறும் கொஞ்சம் உப்பிற்று.

டிஸ்பென்சரியிலிருந்து வாயகன்ற மருந்து ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே மரப்பட்டைத் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்தோம், அடியில் ஈர மண், வாய்க்கு மூடித் துணி. என்ன தின்னும் என்று தெரியவில்லை. ஈ பிடித்துப் போட்டோம், தொடவில்லை. வெட்டுக்கிளி போட்டால் அதற்குப் பயந்து ஒளிந்துகொண்டது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் உப்புமா கிண்டும் அம்மாதான் வழி சொன்னார். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. மாவு மூட்டைக்கடியில் கரப்பான் குஞ்சு கிடைக்கும், நசுக்கிப் போட்டுப் பாருங்கள் என்றார். தின்றது. அதற்குப் பிறகு வாரம் இரண்டு தடவை ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து என்னிடம் தருவார். பிள்ளைகளுக்குத் தெரியாமல் நான் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. அதற்கு முன்பே ஒரு வாரமாக அது எதுவும் தின்னவில்லை, பட்டைக்கடியில் வெள்ளையாக நூல் பின்னி அடைத்துக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் கம்பத்துக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டவர், போகிற போக்கில் ஜாடியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அது மல்லாந்து கிடந்தது. போய்விட்டது என்றார். திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்று மூடித் துணியை அவிழ்த்தார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். செத்திருந்தால் கால் மடங்கியிருக்க வேண்டும். இதற்குக் கால் விரிந்திருந்தது, அதுவும் தானே விரித்த படுக்கை மேல் படுத்திருந்தது. தோல் உரிக்கப் போகிறது என்று எனக்குத் தோன்றிற்று. பந்தயம் கட்டியவன்போல் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் அன்று ஊருக்குப் போகவில்லை. மதியத்துக்கு மேல் தோலுரிப்பு தொடங்கியது. மேல் ஓடு ஒரு மூடிபோலத் திறந்து, உள்ளே இருந்து வெளிறிப்போன ஒரு பூச்சி தன்னையே உருவிக்கொண்டு வரத் தொடங்கியது. மனிதர் பிரசவம் பார்ப்பவர் என்பதை அன்று கண்ணால் கண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது முக்கும்போதெல்லாம் இவரும் முக்கினார். ஏழு கால்கள் வந்துவிட்டன. எட்டாவது, இடப்பக்கம் கடைசி, பழைய தோலுக்குள் சிக்கிக்கொண்டது. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அது அசையாமல் கிடந்தது. கண்ணுக்கு மருந்து விடும் ஃபில்லரில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து அந்த ஒரு காலின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார் அவர். தோல் ஊறட்டும் என்று காத்திருப்பார், பிறகு ஒரு சொட்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே பேய்மழை, நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கால் வந்துவிட்டது, கொஞ்சம் வளைந்து. அவர் ஜாடிக்கு மேல் சிலுவை போட்டுவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினார்.

மறுநாள், மகள் தேடுவாளே என்று நான் சொன்னேன். அவளுக்கு அம்மா இருக்கிறாள், இதற்கு யார் இருக்கிறார்கள் என்றார்.

தோலுரித்த பிறகு அது மறுபடியும் துவண்டது. அந்த வருடம் ஆடிக் குளிர் அதிகம். கோட்டர்ஸ் சுவரில் தண்ணீர் வடியும். அப்போதுதான் அவர் அந்த யோசனையைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் என் சாமான் அலமாரி, சமையல் கொட்டகையின் அடுப்புச் சுவரை ஒட்டி இருக்கிறது. சுவர் எப்போதும் கணகணப்பாக இருக்கும். சாவி என்னிடம்தான். அங்கே வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்றார். நான் தயங்கினேன். பிள்ளைகள் இருக்கிற இடம். பூட்டிய அலமாரிக்குள், துணி கட்டிய ஜாடிக்குள் இருப்பது யாரை என்ன செய்யும் என்று கேட்டார். அதுவும் சரிதான் என்று பட்டது. மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து, குடைக்குள் மறைத்து, ஜாடியைக் கொண்டுபோய் வைத்தோம்.

பிழைத்துக்கொண்டது மட்டுமில்லை, தேறிற்று. வளைந்த காலை ஊன்றிப் பட்டை மேல் ஏறும். கரப்பானை எட்டிப் பாய்ந்து பிடிக்கும். மாலையில் பிள்ளைகள் போன பிறகு கம்பவுண்டர் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு வருவார். உப்புமா அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். மூன்று பேரும் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்போம். எனக்கு அந்த எஸ்டேட்டில் அதைவிட நல்ல நேரம் இருந்ததில்லை.

செப்டம்பரில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். டிஸ்பென்சரியில் கையில் ஊசி போட்டார்கள், காய்ச்சல் விட்டது. இரண்டு நாள் வேலைக்கு வந்தார். பிறகு வரவில்லை. கை வீங்கியிருக்கிறது என்று லயத்திலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, சொல்லியனுப்பினார். நான் கம்பவுண்டரிடம் கேட்டேன். ஏதோ கடித்திருக்கிறது, மருந்து வைத்துக் கட்டியிருக்கிறேன், சரியாகிவிடும் என்றார். அன்று ராத்திரி வழக்கம்போல் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவர் வைத்த கருவாட்டுக் குழம்பு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முகம் சரியில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“தம்பி, ஒரு சங்கடம். பள்ளிக்கூடத்து எட்டுக்காலிதான் அந்தம்மாவக் கடிச்சிருச்சின்னு லயத்துல பேசுதாக. மேனேஜர் காதுக்குப் போயிருச்சு. நாளைக்கு ஒங்களக் கூப்புடுவாரு.”

“அது ஜாடிய விட்டு வெளியவே வரலீங்களேண்ணா. எப்படீங்க கடிக்கும்?”

“எனக்குத் தெரியாதா? சனங்க வாய மூட முடியுமா? ஜாடிய எங்கிட்டக் குடுங்க. மருந்து ரூம்புல வச்சுக்கிடுதேன். யாரும் வர மாட்டாக. கேட்டா, அப்படி ஒண்ணும் இல்லவேயில்லன்னு சொல்லிருங்க. புள்ள பொழச்சிக்கிடும், நீங்களும் பொழச்சிக்கிடுவீக.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனிதர் நமக்கு வாய்த்திருக்கிறாரே என்று நினைத்தேன். அலமாரியைத் திறந்து ஜாடியை நானே எடுத்துக் கொடுத்தேன். அது பட்டைக்குப் பின்னால் இருந்தது. அன்று அதன் முன்னங்கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அவர் அதைச் சட்டைக்குள் வைத்துக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் இருந்தார், வாராந்திர டாக்டர் இருந்தார். மேனேஜர் மலையாளி, கோபம் வந்தால்தான் தமிழ் சுத்தமாக வரும் அவருக்கு. அன்று சுத்தமாக வந்தது. பள்ளிக்கூடத்தில் விஷப்பூச்சி ஏதாவது வளர்க்கிறேனா என்று கேட்டார்.

“அப்படி ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். அவர் பியூனைப் பார்த்துத் தலையசைத்தார். பக்கத்து அறையிலிருந்து கம்பவுண்டர் வந்தார். கையில் ஜாடி. அதை மேஜை மேல், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“வாத்தியார்தான் வளர்த்தாரு. ஸ்கூல் அலமாரியில வச்சிருந்தாரு. நேத்துச் சாயங்காலம் எங்கிட்டக் குடுத்து ஒளிச்சு வைக்கச் சொன்னாரு” என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னார். வாத்தியார் என்றார். தம்பியும் இல்லை, சாரும் இல்லை.

இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்: அந்த நிமிஷத்தில்கூட இதில் ஏதோ உபாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு நல்லது வரும்படி ஏதோ செய்யப் போகிறார், நாம் குறுக்கே பேசிக் கெடுத்துவிடக்கூடாது என்று. மேனேஜர், சொன்னது உண்மைதானா என்று என்னைக் கேட்டார். நான் கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமாங்க” என்றேன்.

டாக்டர், டிஸ்பென்சரி நோட்டைத் திருப்பி மேனேஜரிடம் காட்டினார். அது எனக்கும் தெரிந்தது. அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே ‘சிலந்திக் கடி’ என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. கம்பவுண்டரின் கையெழுத்து. நாள், போன சனிக்கிழமை. சனிக்கிழமையே எழுதிவிட்டு, செவ்வாய்க்கிழமை வந்து, லயத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நடுவில் இரண்டு ராத்திரி என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். மேனேஜர் அதற்கப்புறம் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. பொய்யும் சொல்கிறாய் என்று சொன்னது கேட்டது. இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

ராஜினாமா எழுதக் காகிதம் கொடுத்தார்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, இதை இங்கேயே தீர்த்துவிடுங்கள் என்று மேனேஜர் ஜாடியைக் காட்டிச் சொன்னார். வெளியே எடுத்துப் போட்டு அடிக்க ஆள் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கம்பவுண்டர் தன் பையைத் திறந்தார். உள்ளே ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. டிஸ்பென்சரி அங்கிருந்து இரண்டு பர்லாங். கேட்ட பிறகு போய்க் கொண்டுவந்ததல்ல அது. வரும்போதே எடுத்து வந்திருந்தார்.

மூடித் துணியை அவிழ்க்காமல் அதன் மேலேயே ஊற்றினார். நான் எழுதுவதை நிறுத்தவில்லை. பார்க்கவும் இல்லை. பட்டை மேல் நகம் உரசுவதுபோல் ஒரு சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அன்று அவர் கோட்டர்சுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நிலைப்படியில் நின்றார். அவரை எதுவும் கேட்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஆனாலும் கேட்டேன். ஏன் அண்ணா என்று.

“எனக்குப் பொம்பளப்புள்ள இருக்கு தம்பி. ஒங்களுக்கு ஊருல நெலம் இருக்கு” என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. காட்டிலிருந்து பூச்சியை எடுத்து வந்தது தான்தான் என்று வெளியே தெரிந்தால் தன் வேலை போகும் என்று பயந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்காக மன்னித்துவிடலாமா என்றுகூட ஜீப்பில் வரும்போது யோசித்தேன். எனக்கு அப்போது பெரிய கவலை அந்த அம்மாதான். ஒருவேளை உண்மையிலேயே கடித்திருக்குமோ? கரப்பான் போட மூடியைத் திறந்திருப்பாரோ? அவர் கையை நான் கெடுத்துவிட்டேனோ? அவரைப் புதன்கிழமை மதியமே எஸ்டேட் ஜீப்பில் கம்பத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவது என்று பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கையைக் கீறிச் சீழ் எடுத்துக் கட்டியிருந்தார்கள். முழங்கை வரை கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று ஆரம்பித்தேன். அவர் அழத் தொடங்கிவிட்டார்.

“நீங்க எதுக்கு சாரே கேக்குதீக? ஊசி போட்ட எடந்தான் சாரே பழுத்துச்சு. பூச்சி என்னைத் தொடக்கூட இல்ல.”

மெல்ல மெல்லச் சொன்னார். அன்று டிஸ்பென்சரியில் கூட்டமாம். ஸ்டவ் எரியவில்லையாம். கொதிக்க வைக்காத ஊசியிலேயே கம்பவுண்டர் போட்டாராம். வீங்கியதும் அவரே பயந்துபோய் லயத்துக்கு ஓடிவந்தாராம். ஊசி என்று சொன்னால் டாக்டர் வந்து விசாரித்து முடிக்கிறவரை கிடக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பூச்சி கடித்தது என்றால் வேலை செய்த இடத்தில் நடந்தது, உடனே ஜீப் கிடைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றாராம்.

“கை போயிருமோன்னு பயமா இருந்துச்சு சாரே. தலைய ஆட்டிட்டேன். ஒங்கள அனுப்பிருவாகன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

காகிதப் பொட்டலத்தில் கரப்பான் குஞ்சை மடித்துக் கொடுத்த கை அது. அதன் விரல் நுனிகள் மட்டும் கட்டுக்கு வெளியே வீங்கிக் கறுத்துத் தெரிந்தன. அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. எவ்வளவு வந்தது என்பதில் எனக்கு வெட்கம் உண்டு. திரும்பி மலையேறி, மேனேஜர் முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும் என்று எழுந்தேன். அவர் நல்ல கையால் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். தன் பேர் வந்தால் தன்னையும் லயத்தை விட்டு வெளியேற்றிவிடுவார்கள், போக்கிடம் இல்லை என்றார். ஏற்கெனவே பொய்யன் என்று பேர் வாங்கியவன் நான். என்னை நம்ப வேண்டுமானால் அவர் வந்து சொல்ல வேண்டும். அவர் சொல்ல மாட்டார். பெட்டியை அவர் பிடியிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தேனிப் பஸ்ஸில் ஏறினேன். பழனி, பொள்ளாச்சி என்று மாறி மாறி ஊர் வந்து சேர மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

வீட்டில் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அப்போதே சொன்னேனே என்றார் அம்மா. ஓர் எட்டுக்கால் பூச்சியால் வேலை போயிற்று என்று எப்படிச் சொல்வது? அண்ணன்கள் வருடக்கணக்கில் சிரிப்பார்கள். எனக்கு வலித்தது வேலை போனதற்காக இல்லை. நான் அவரிடம் சொன்ன சங்கதிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். தோப்பில் அழுதேன் என்று சொன்னபோது என் முதுகைத் தடவிக் கொடுத்தாரே, அந்தக் கையும் இந்தக் கையும் ஒன்றுதானா என்று. அவர் நடித்தார் என்று நினைத்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டவரை நடித்தார் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதன் பிறகு பல வருடம் யாரையும் அண்ணா என்று நான் கூப்பிட்டதில்லை, வீட்டு மனிதர்களைத் தவிர.

ஆறு வருடம் கழித்து சித்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அப்போது நான் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையாகி, கல்யாணமும் ஆகியிருந்தது. அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். தலை நரைத்திருந்தது. எஸ்டேட் கைமாறி டிஸ்பென்சரியை மூடிவிட்டார்களாம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தனியார் டாக்டரிடம் இருப்பதாகச் சொன்னார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“நம்ம புள்ளய எப்பவாச்சும் நெனச்சிருக்கீகளா தம்பி? தோலுரிச்ச அன்னைக்கு நாம பட்ட பாடு. எம்மக பொறந்தன்னைக்குக்கூட நான் அப்படித் தவிக்கல” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது மன்னிப்புக் கேட்பார், இதோ கேட்டுவிடுவார் என்று டம்ளரைப் பிடித்தபடி காத்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவரோ அந்த வளைந்த காலைப் பற்றி, அது கரப்பானைப் பிடிக்கும் லாகவத்தைப் பற்றி, நேற்று நடந்ததுபோலச் சொல்லிக்கொண்டே போனார். அதில் எந்த இடத்திலும் ஜாடி மேஜைக்கு வரவில்லை. ஸ்பிரிட் பாட்டில் இல்லை. அவர் நினைவில் அது எப்படித்தான் முடிந்திருந்ததோ. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் ஆறு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவன், டீ ஆறிப்போகிறது என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். மகள் பத்தாவது தேறிவிட்டாள். சித்தூர் கல்லூரியில் பிரீடிகிரிக்கு மனு போட்டிருக்கிறது. மார்க்கு கொஞ்சம் குறைவு. நான் அங்கே படித்தவன், ஆபீசில் ஆள் தெரிந்திருக்கும், ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றார். மனு எண்ணை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தார்.

“பாக்கறேனுங்க” என்றேன்.

கல்லூரி ஆபீசில் என்னோடு படித்தவன் கிளார்க்காக இருந்தான். வாரம் ஒரு தடவை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். அந்த வாரமும் வந்தான். மழையைப் பற்றிப் பேசினோம், தேங்காய் விலையைப் பற்றிப் பேசினோம். சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. துவைக்கும்போது என் மனைவி அதை எடுத்து, இது வேணுங்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அந்தப் பெண்ணை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஒரு கிறிஸ்துமசுக்கு எஸ்டேட்டுக்கு வந்தபோது. அவளுக்கு இடம் கிடைத்ததா என்று தெரியாது. விசாரிக்கவில்லை. கல்லூரி வாசல் வரும்போது மட்டும் சில வருடம் நான் பஸ்ஸில் மறுபக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.